ஒரு நூல், கடல் பக்கமா

என் மகளின் வலது கணுக்காலுக்குள் ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருக்கின்றன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தபோது நான் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் எனக்கு அப்படித்தான், எதையாவது எண்ணத் தொடங்கிவிடுவேன். இருபத்தைந்து வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம்.

துறைமுகச் சாலையில், உப்பு லாரி ஒன்று சொட்டிவிட்டுப் போன ஈரத்தில் அவள் ஸ்கூட்டர் சறுக்கியது. பின்னால் வந்த வண்டி எதுவும் அவள் மேல் ஏறவில்லை. எல்லோரும் அதைச் சொல்லித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஏறியிருக்கலாம் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

எட்டு மாதத்தில் நன்றாக நடக்கத் தொடங்கினாள். இனி ஸ்கூட்டர் வேண்டாம், கார் ஓட்டலாம் என்றார் டாக்டர். பிரேக்கை அழுத்தப் போதுமான பலம் அந்தக் காலில் இருந்தது. ஆனால் கணுக்கால் சட்டென்று திரும்பாது. பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குப் போக மற்றவர்களைவிட ஒரு கணம் கூடுதலாகும். நல்ல காரில் அந்த ஒரு கணத்தால் ஒன்றும் ஆகிவிடாது. எங்கள் கார் நல்ல காராக இல்லை.

அது பழைய சின்னக் கார். வெள்ளம் வந்த டிசம்பரில் எங்கள் தெருவில் கதவுக் கைப்பிடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இன்ஜின் இறுகிப் போனது. அதன்பிறகு தார்ப்பாய் மூடிக் கிடந்த காரை மறுபடி வெளியே எடுத்ததற்கு ஒரே காரணம், மகளுக்கு வந்த வேலை. வேம்பார் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். பஸ் கடற்கரைச் சாலையோடு போய்விடும், நிறுத்தத்திலிருந்து உள்ளே ரொம்ப தூரம் நடக்க வேண்டும். "கார்ல போயிருதேன் எம்மா" என்றாள். அவள் அப்பாவுக்குக் கப்பல் வேலை. வருடத்தில் பாதிக்கு மேல் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முடிவெடுக்க வேறு யாரும் இல்லை.

தெருமுனை மெக்கானிக் ஒரு இன்ஜின் பிடித்துக்கொண்டு வந்தார். அதே கம்பெனியின் வேனில் இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், அப்படியே உக்காந்துக்கிடும்" என்றார். அப்படியே உட்கார்ந்தது. கார் நிற்கும்போது ஓடத்தான் மறுத்தது.

ஓட்டத் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். கார் நிற்கும்போதும், காலை எடுத்துவிட்டாலும், இன்ஜின் தன் பாட்டுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைத்தான் ஐடிலிங் என்கிறார்கள். எங்கள் காரில் காலை எடுத்தால் உடனே குலுங்கத் தொடங்கும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் பின்னால் நிற்கும் மனிதர்கள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிவார்கள். பத்து வினாடி அப்படிக் குலுங்கிவிட்டு அணைந்துவிடும். இப்படிப்பட்ட காரை ஓட்டுகிறவர்கள் குதிகாலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். என் மகளால் செய்ய முடியாதது அந்த ஒன்றுதான்.

முதல் ஓட்டத்தின்போது நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். துறைமுகச் சாலை பிரியும் இடத்தில் சிக்னல் விழுந்தது. நிறுத்தினாள். கார் குலுங்கியது, அணைந்தது. பச்சை விழப்போகிறது என்ற கணக்கில் வேகமாக வந்த கன்டெய்னர் லாரி பிரேக் அடித்த சத்தம் இன்னும் என் முதுகில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியில் வானம் இல்லை, சாலை இல்லை, லாரியின் இரும்புப் பல் மட்டும் இருந்தது.

டிரைவர் இறங்கி வந்தார். திட்டத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "நியூட்ரல் போடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி, தனியாளாகக் காரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். போகும்போது, "இந்த வண்டிய சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்ல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. ரோட்டுக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கார்ச் சாவியை பிரிட்ஜின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம்மா, ஜாயின் பண்ணலேன்னு எழுதிக் குடுத்திரட்டா?" என்று கேட்டாள்.

சரி என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் வீட்டிலேயே இருப்பாள், எந்த லாரியும் அவள் பின்னால் வராது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, நான் மறுக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள். "முதல்ல அந்த இன்ஜினுக்கு என்ன கேடுன்னு பாப்போம்" என்றேன். வேலையில் சேரும் திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

தெருமுனைக்காரர் பிளக்குகளைத் துடைத்தார், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கில் பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்து "மார்க் சரியா நிக்கு" என்றார். கடைசியில் ஒரு ஸ்குரூவைத் திருப்பி ரேஸைக் கூட்டி வைத்துவிட்டார். கார் அணையவில்லைதான். ஆனால் நின்ற இடத்தில் உறுமியது, கியர் போட்டால் முன்னால் பாய்ந்தது. பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தினால்தான் நின்றது. இது நோயைவிட மோசமான வைத்தியமாக இருந்தது. எங்கள் பள்ளி வேன் டிரைவர்தான், "திரேஸ்புரத்துல போட் இன்ஜின் பாக்குத ஒருத்தர் இருக்கார் டீச்சர். சத்தத்தக் கேட்டே கண்டுபிடிச்சிருவார்" என்றார்.

புதன்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனோம். நான் ஓட்டினேன். ஷெட் என்பது நான்கு கம்பத்தின் மேல் தகரம். தரையெல்லாம் சங்குத் துண்டும் டீசல் கறையும். எதிரே வள்ளங்களில் மாட்டும் இன்ஜின்கள் தலைகீழாகத் தொங்கின. காரை அந்த போட் மெக்கானிக் காட்டிய இடத்தில் நிறுத்திவிட்டு நான் இறங்கினேன். மகள் டிரைவர் சீட்டுக்கு மாறினாள். அவள் இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே வள்ளங்களும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. பானட்டைத் திறக்கவே இல்லை. "ஸ்டார்ட் பண்ணு பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நின்றார்.

"எத்தன நாளா இந்த இருமல்?"

"இன்ஜின் மாத்துனதுல இருந்து."

"எந்த இன்ஜின்?"

"வேன் இன்ஜின். ஆனா ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க" என்றார்.

பிறகுதான் பானட்டைத் திறந்தார். ஒரு நீளமான ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜினின் மேல் இங்கும் அங்கும் நகர்த்தினார். ஒரு இடத்தில் நின்றார். விரலால் அங்கே இருந்த சிறிய குழாயை நசுக்கிப் பிடித்தார். குலுக்கல் பாதியாகக் குறைந்தது. கையை எடுத்தார், கூடியது.

"காத்து இழுக்குது. இங்கன பாருங்க, வெடிப்பு. வெள்ளத் தண்ணியில கெடந்த பழைய குழாய அப்படியே மாட்டியிருக்கான்." குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வளைத்தால் மட்டும் வாயைத் திறக்கும் வெடிப்பு. "சங்கு குளிக்கப் போறவனுக்கு மூச்சுக் காத்து அனுப்புற கம்ப்ரெசர நான்தான் பாக்கேன் டீச்சர். அவன் குழாயில இப்படி ஒண்ணு இருந்தா ஆளு மேல வரமாட்டான். உங்களுக்கு இன்ஜின்தானே நின்னுச்சு. சந்தோசப்படுங்க."

எனக்குச் சந்தோசமாக இல்லை. அந்தக் குழாயைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை, இன்னும் இருக்கிறது.

புதுக் குழாய் போட்ட பிறகும் மீதிக் குலுக்கல் இருந்தது. "இனி டைமிங்" என்றார்.

"அத லைட் வச்சுப் பாத்துட்டாங்க. மார்க் சரியா இருக்காம்."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "ரெட்டப் புள்ளைங்க உங்க கிளாசுல படிச்சிருக்கா டீச்சர்?"

"படிச்சிருக்கு."

"ஒருத்தி சட்டைய இன்னொருத்திக்குப் போட்டா சேரும்லா? ஒருத்தி மார்க்க இன்னொருத்திக்குப் போடுவீங்களா?"

விஷயம் இதுதான். பிஸ்டன் மேலே ஏறி உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். எப்போது விழுகிறது என்று பார்க்க, சுழலும் சக்கரத்தில் ஒரு கோடு இருக்கும், அதைப் பார்க்க கியர்பாக்ஸின் மேல் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். எங்கள் சக்கரம் வேனுடையது. ஜன்னல் காருடையது. வேனில் அந்த ஜன்னல் வேறு இடத்தில் இருக்குமாம். ஆக, கோடு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றதே தவிர, அது சொன்னது வேறொரு வண்டியின் நேரம்.

"பொறி முந்தி விழுந்தா என்ன, பிந்தி விழுந்தா என்ன?" என்று மகள் கேட்டாள்.

"வள்ளத்த அலையில எறக்கிருக்கியா பாப்பா? இல்லையா? அலை வந்து மோதுறதுக்குச் சித்த முந்தித் தள்ளணும். ரொம்ப முந்தினா வள்ளம் நம்ம மேலேயே திரும்பி வரும். அதான் இன்ஜின் தட்டுற சத்தம். பிந்தினா, தள்ளுனது வீணு. முக்கிக்கிட்டே நிக்கும்."

பிளக்குகளைக் கழற்றினார். விளக்குமாற்றிலிருந்து ஒரு நீண்ட ஈர்க்கை உருவி முதல் பிளக்கின் ஓட்டைக்குள் விட்டு, அதை மகளிடம் பிடிக்கச் சொன்னார். காரை நாலாம் கியரில் போட்டார். என்னைப் பின்னால் போய் ஒரு விரல் அளவு தள்ளச் சொன்னார்.

"குச்சி ஏறும் பாப்பா. எங்க ஏற முடியாம நிக்கோ, அங்கன சொல்லு."

நான் தள்ளினேன். ஈர்க்கு ஏறியது. "இன்னும் இருக்கு எம்மா. இன்னும். இன்னும். ஆ, நின்னுட்டு!" கொஞ்சம் தள்ளிவிட்டேன், இறங்கிவிட்டது. மறுபடி முன்னால் வந்து எதிர்ப்பக்கம் தள்ளி, மறுபடி பின்னால் போய்த் தள்ளி, நான்கு முறை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு காரை முன்னும் பின்னும் விரல் விரலாகத் தள்ளிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "டீச்சருக்கு என்ன பிராயச்சித்தம் குடுத்திருக்கீரு?" என்று ஒருத்தி சத்தம் போட்டாள். "போன சென்மத்துல ரொம்பப் பேர பெயில் போட்டுட்டாங்களாம்" என்றார் இவர்.

உண்மையான உச்சி எங்கே என்று தெரிந்ததும், சக்கரத்தில் வெள்ளைப் பெயிண்டால் புதிய கோடு போட்டார். பழைய கோட்டுக்கும் புதியதற்கும் நடுவே என் சுண்டுவிரல் அகலம் இருந்தது.

பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற உருளையைத் திருப்பித்தான் நேரத்தை மாற்ற வேண்டும். அதில் முன்பக்கமாக ஒரு தகரக் கிண்ணம் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துத் திருப்பி, லைட் அடித்துப் பார்த்து, நட்டை இறுக்கினார். பிறகு உருளையிலும் அது உட்கார்ந்திருக்கும் அடிப்பாகத்திலும் சேர்ந்தாற்போல் ஸ்குரூடிரைவரால் ஒரு கோடு கீறினார்.

"இந்தக் கோடு அம்மா வீடு மாதிரி. எங்க சுத்திப் போனாலும் இங்கன திரும்பி வந்துக்கிடலாம்."

இப்போதைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வைத்திருப்பதாகச் சொன்னார். முந்தி வைத்து இன்ஜின் தட்டினால் உடையும், பிந்தினால் இழுவை மட்டும் குறையும். "ரெண்டு நாள் ஓட்டுங்க. பாலத்துல ஏறும்போது மூச்சு வாங்குச்சுன்னா, இந்த நட்ட லூஸ் பண்ணி, கிண்ணத்த ஒரு நூல் கடல் பக்கமா திருப்பி டைட் பண்ணிருங்க. நான் நாளைக்கு மணப்பாட்டுக்குப் போறேன். அங்கன வள்ளங்களுக்கு வேலை கெடக்கு. திங்கக்கெழமதான் வருவேன்."

"நானா?"

"பின்னே? ஒரு நூல் எவ்வளவுன்னு தெரியும்லா?"

தெரியும். அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம். நோட்டில் எழுதிக்கொண்டேன்: ஒரு நூல், கடல் பக்கமா.

வியாழனும் வெள்ளியும் பள்ளி விட்டு வந்து இருவரும் ஓட்டிப் பார்த்தோம். கார் முன்னைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. அணையவில்லை. ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போது, அவர் சொன்னதுபோலவே மூச்சு வாங்கியது. சூடான பிறகு நிறுத்தினால் லேசாகத் தடுமாறியது. மற்ற யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நான் அந்தச் சிக்னலையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடல் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்தாலும் மொட்டை மாடிக்குப் போய், வீடுகளுக்கு மேலே தெரியும் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கீழே வந்து நட்டைத் தளர்த்தி, ஸ்கேலை வைத்துப் பார்த்து, கிண்ணத்தைச் சரியாக ஒரு நூல் கடல் பக்கமாகத் திருப்பி இறுக்கினேன்.

ஸ்டார்ட் செய்தோம். பழைய குலுக்கல் திரும்பி வந்தது.

மணப்பாட்டுக்கு போன் போட்டேன். அலைச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்திப் பேசினார்.

"கடல் பக்கமாத்தானே திருப்புனீங்க?"

"ஆமா, சரியா ஒரு நூல்."

"நட்டு டைட்டா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பத்தல டீச்சர். இன்னொரு நூல் அதே பக்கமா வைங்க."

வைத்தேன். கார் இரண்டு முறை திணறிவிட்டு அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தால்தான் ஓடியது, காலை எடுத்த கணமே நின்றது. பானட்டுக்குள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. மறுபடி போன் போட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. கடலுக்குள் போய்விட்டாரோ என்னவோ.

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கையெல்லாம் கரி. தெருமுனைக்காரரை நம்பி மறுபடி விட முடியாது, ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வேம்பாரில் இருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஏளா, விட்டிரு. எழுதிக் குடுத்திரு. இந்த வேலை இல்லேன்னா வேற வேலை."

பிரிட்ஜ் மேல் வைத்த சாவி போல அவள் என் முன்னால் அசையாமல் நின்றாள். பிறகு என் மடியிலிருந்த நோட்டை எடுத்துப் படித்தாள். காரைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். ஒரு கையை வலது பக்கமும் இன்னொரு கையை இடது பக்கமும் நீட்டிக்கொண்டு, போக்குவரத்து போலீஸ் மாதிரி, காருக்கு முன்னால் மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினாள்.

"எம்மா. அவர் ஷெட்டுல நான் டிரைவர் சீட்டுல உக்காந்திருந்தேன்லா?"

"ஆமா."

"கடல் எனக்கு இடது கைப் பக்கம் இருந்துச்சு. வள்ளம் எல்லாம் தெரிஞ்சுச்சு."

"அதுக்கு?"

"இங்கன எந்தக் கைப் பக்கம் இருக்கு?"

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லா வண்டிகளும் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும். தண்ணீர் வந்தால் நேராக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று, ரிவர்ஸில் வந்து நிறுத்துவோம். பழகிப்போய் யாரும் அதை யோசிப்பதுகூட இல்லை. அவருடைய ஷெட்டில் கார் தெற்கே பார்த்து நின்றது. என் வீட்டில் வடக்கே பார்த்து நிற்கிறது. நான் மாடிக்குப் போய்க் கிரேனைப் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்து, மிகுந்த கவனத்தோடு இரண்டு முறை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறேன்.

வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்தும் பாடம் இது. முதலில் எங்கே நின்று பார்க்கிறாய் என்று சொல், பிறகு வலது இடது சொல் என்று போர்டில் எழுதிப் போடுவேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, "எம்மா, மூக்கத் தொடச்சுக்கோ, பூரா கரி" என்றாள்.

ஸ்பேனரை அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ உள்ள உக்காந்து ஸ்டார்ட் பண்ணு. நான் பாக்கேன்."

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பானட் திறந்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. இடைவெளி வழியாக அவளுடைய ஒரு கையும் வளையலும் மட்டும் தெரிந்தன. முதலில் அம்மா வீட்டுக் கோட்டுக்குத் திரும்பி வந்தாள். "இப்ப மிதி." இன்ஜின் ஓடியது. "கால எடு." லேசாகத் தடுமாறியது, ஆனால் அணையவில்லை. "இனி ஒரு நூல் கரைப் பக்கமா" என்று அவளே சொல்லிக்கொண்டாள். வளையல் மெதுவாக நகர்ந்தது. நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் துவைக்கும் கல்லும் அதன்மேல் கவிழ்த்திய வாளியும் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. இரண்டும் நெருங்கின. நெருங்கி ஒன்றாயின. வாளியின் கைப்பிடிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"எம்மா, ஆஃப் பண்ணிட்டியா?" என்று கத்தினாள்.

"இல்ல. ஓடுது."

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "ஏ மாதாவே!" என்று தொடங்கி, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். பிறகு, "தப்பு என் மேலதான் டீச்சர். நாங்க கடல்ல நிக்கையில வலது இடதுன்னு சொல்ல மாட்டோம். வள்ளம் சுத்திக்கிட்டே கெடக்கும், ஒருத்தன் வலது இன்னொருத்தனுக்கு இடது. கரை மட்டும் எங்கயும் போவாது. அதனால கரைப் பக்கம், கடல் பக்கம்னுதான் வாயில வரும். காரத் திருப்பி நிறுத்துவீங்கன்னு எனக்குத் தோணல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனாலும் கணக்கு டீச்சர்!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளே ஓட்டினாள். நேராகத் துறைமுகச் சாலைச் சிக்னலுக்கு. அங்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு விழுந்தது. தொண்ணூறு வினாடி என்று பலகையில் எண் வந்தது. அவள் வலது காலைப் பிரேக்கில் வைத்தாள், வைத்தபடியே விட்டாள். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. சாதாரணமாக வந்து, சாதாரணமாக நின்றது. எண்கள் இறங்கின. நானும் கூடவே எண்ணினேன். நாற்பதில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "மத்தியானம் மீன் வாங்குவமா?" என்று கேட்டாள். ஒரு குலுக்கலுக்காக என் உடம்பு முழுவதும் காத்துக்கொண்டிருந்தது. அது வரவில்லை. பச்சை விழுந்தது. ஆக்ஸிலரேட்டருக்குக் கால் போக ஒரு கணம் ஆனது. கார் அந்த ஒரு கணம் காத்திருந்தது.

திங்கட்கிழமை தனியாகப் போனாள். நான் முதல் பீரியடில் போனை மேசை மேல் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன், வழக்கமாகச் செய்ய மாட்டேன். எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. 'வந்துட்டேன். வழி பூரா கடல் வலது பக்கம். வரும்போது இடது பக்கம். மாடிக்குப் போய்ப் பாக்காண்டாம்.'

அடுத்த வாரம் அவர் எங்கள் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர், பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டு, 'டிரைவருக்கு இடது' என்று எழுதிவிட்டுப் போனார். எழுத்துக்கள் கோணலாக இருந்தாலும் பிழையில்லை.

இப்போது தினமும் காலையில் கேட்டைத் திறக்க நான் போகிறேன். அவள் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுக்க மறந்து உள்ளே ஓடுவாள். ஓடுவாள் என்றா சொன்னேன்? வேகமாக நடப்பாள். கார் ஆளில்லாமல் என் முதுகுக்குப் பின்னால் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நான் கேட்டைப் பிடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். சில நாள் எண்ணுகிறேன். சில நாள், பாதியில் எதிர்வீட்டுக்காரி ஏதாவது கேட்க, எண்ணிக்கை விட்டுப்போகிறது.